ஜன்னலுக்கு முதுகு காட்டியவர்கள்

அந்தக் கனவில் வீடுகளே கிடையாது. ஜன்னல்கள் மட்டும் அந்தரத்தில் வரிசை வரிசையாகத் தொங்கிக்கொண்டிருக்கும். தெருவில் பனி இடுப்பளவு நிற்கும். அவள் கையில் மாடி உயரத்துக்கு ஒரு கழி, நுனியில் பழந்துணி சுற்றிய முடிச்சு. முதல் ஜன்னலை எட்டி மூன்று முறை தட்டுவாள். தட்டிய கையோடு திரும்பி, ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நிற்பாள். பின்னால் கண்ணாடியில் ஏதோ ஒரு விரல் டொக்கென்று ஒரு முறை பதில் சொல்லும். அடுத்த ஜன்னலுக்குப் போவாள். கழிக்குக் கனமே இருக்காது. கால்களுக்கும் இருக்காது. எத்தனையோ ஜன்னல், எத்தனையோ விரல். ஒரு முகத்தைக்கூட அவள் பார்த்ததில்லை.

முழிப்பு வந்ததும் எரிச்சல் பொத்துக்கொண்டு வரும்.

"இத்தனை வருஷம் படிச்சுக் கிழிச்சு, கனவுல வந்து கழி தூக்குறியா நீ?" என்று கண்ணாடியில் தெரிகிறவளைக் கேட்டுக்கொண்டே பல் துலக்குவாள்.

அவள் மயக்க மருந்து டாக்டர். பெரியப்பா, சித்தப்பா, அத்தை பிள்ளைகள் வரை வலைபோட்டுத் தேடினாலும் அந்தக் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள்தான்.

அந்த ஊரில் எல்லார் பெயருக்கும் ஒரு வால் உண்டு. அவரவர் வீட்டு ஆட்கள் என்றைக்கோ செய்த தொழில்தான் அந்த வால். சக்கரம் செய்தவர்கள் சக்கரத்தார். கண்ணாடி ஊதியவர்கள் கண்ணாடியார். நூல் ஆலையில் மணி அடித்து, கதவு சாத்தியவர்கள் மணிக்காரர். அவள் வீட்டு வால், எழுப்பி.

கவனித்தால் தெரியும். மற்ற எல்லா வாலிலும் மரியாதை ஒட்டிக்கொண்டிருக்கிறது. இவர்களுடையதில் வேலை மட்டும்தான் இருக்கிறது. தட்டி, எழுப்பி, ஓடிப்போ என்பது மாதிரி.

ஊரே ஆலையை நம்பிக் கிடந்த காலத்தில், கடிகாரம் என்பது முதலாளி வீட்டுச் சாமான். மணி அடித்து முடிப்பதற்குள் உள்ளே போகாதவனுக்கு அன்றைக்குக் கதவு கிடையாது. அதனால் மணிக்கு முன்னாலேயே தெருத் தெருவாகப் போய், மாடி ஜன்னல்களைக் கழியால் தட்டி ஆட்களை எழுப்பிவிட ஒரு கூட்டம் இருந்தது. அவர்களுக்கு யார் பெயரும் தெரியாது. ஜன்னல் தெரியும், அவ்வளவுதான். உள்ளிருந்து ஒரு தட்டு வந்தால், எழுந்துவிட்டேன் என்று அர்த்தம். இரண்டு தட்டு வந்தால், இன்றைக்கு வேலைக்கு வரவில்லை, போய்விடு என்று அர்த்தம். போய்விட வேண்டும். மறுபடி தட்டினால் மேலேயிருந்து தண்ணீர் கொட்டும், அது நல்ல தண்ணீராக இருந்தால் அதிர்ஷ்டம்.

தீப்பிடித்தாலோ வெள்ளம் வந்தாலோ மட்டும் எழுப்பி வாயைத் திறக்கலாம். அப்போதும் ஜன்னல்காரனைப் பேர் சொல்லிக் கூப்பிட முடியாது, பேர்தான் தெரியாதே. தன் பேரைத்தான் சொல்ல வேண்டும். "எழுப்பி வந்திருக்கேன்." அதைக் கேட்டால் இரண்டு தட்டுத் தட்டியவனும் போர்வையை உதறிக்கொண்டு எழுந்தாக வேண்டும்.

முதுகு காட்டி நிற்பதற்கும் காரணம் இருந்தது. நாள் சரியாகப் போகாவிட்டால், இன்னிக்கு யார் மூஞ்சில முழிச்சேனோ என்பார்கள் இல்லையா? அந்த மூஞ்சி தங்கள் மூஞ்சியாக இருந்துவிடக் கூடாது. ஊருக்கு எழுப்பிவிட ஆள் வேண்டும், ஆளுடைய முகம் வேண்டாம். விடியலில் ஆளைப் பிடித்து இழுத்தது ஆலைதான். ஆனால் ஆலைக்காரனைத் திட்ட வாய் வருமா? கீழே கழியோடு நிற்கிறவனைத் திட்டலாம், அவன் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான்.

பிறகு எல்லார் வீட்டிலும் அலாரம் வந்தது. தொழில் போனது. அதற்காக யாரும் அழவில்லை, அவள் வீட்டில் சத்தியமாக யாரும் அழவில்லை. வால் மட்டும் போகவில்லை.

அவளுடைய அப்பா ஓர் உயரமான அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டினார். சட்டைப் பையின் மேல் பித்தளையில் ஒரு பட்டை, அதில் வால் மட்டும்தான் பொறித்திருக்கும். டையும் கோட்டுமாக ஏறுகிறவர்கள் அதைப் படித்துவிட்டு, "என்ன எழுப்பி, எங்கள எல்லாம் பத்தாவது மாடிக்கு எழுப்பு பாப்போம்" என்பார்கள். ஏதோ இன்றைக்குத்தான் முதல் முதலாக இந்த ஜோக்கைக் கண்டுபிடித்த மாதிரி சிரிப்பார்கள். அப்பாவும் முதல் முதலாகக் கேட்ட மாதிரியே சிரிப்பார். ராத்திரி உட்கார்ந்து அந்தப் பட்டையைத் துணியால் தேய்த்துத் தேய்த்துப் பளபளக்க வைப்பார். சின்ன வயதில் அவளுக்கு அது ஒரு நிலாத் துண்டு மாதிரி இருக்கும். கொஞ்சம் வளர்ந்ததும் அதைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிய வேண்டும் போல் இருந்தது.

"எதுக்குப்பா அதைத் தேய்க்கிறீங்க? கண்டவனும் சிரிக்கிறதுக்கா?"

"சிரிக்கிறவனுக்கு எழுத்து நல்லாத் தெரிய வேணாமா கண்ணு?" என்பார் அப்பா.

வகுப்பிலும் அதே கதைதான். அவள் உள்ளே நுழைந்தால், "எழுப்பி வந்தாச்சு, எல்லாரும் எழுந்திருங்கடா" என்று ஒரு குரல். மருத்துவக் கல்லூரிக்குப் போனால் குரல் மட்டும்தான் மாறியது. மேல்படிப்புக்கு அவள் மயக்க மருந்தைத் தேர்ந்தெடுத்தபோது பேராசிரியர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"எழுப்பி வீட்டுப் பொண்ணு தூங்க வைக்கவா படிக்கப் போகுது? குலத்தொழிலே தலைகீழாப் போச்சேம்மா!"

வகுப்பு குலுங்கிச் சிரித்தது.

"ஆமா சார். எங்க ஆளுங்க உங்க ஆளுங்கள எழுப்பி எழுப்பி அலுத்துட்டாங்க. நான் படுக்கப் போடுறேன்."

சிரிப்பு நின்றுவிட்டது. அந்த வருஷம் வாய்மொழித் தேர்வில் அவளுக்கு என்ன மார்க் விழுந்திருக்கும் என்று சொல்லவும் வேண்டுமா?

ஆனால் வெளியே எவ்வளவு வாயடித்தாலும், வீட்டுக்குள் அவர்கள் எழுப்பிகள்தான். அந்த வீட்டில் தூங்குகிறவரை யாரும் சத்தம் போட்டுக் கூப்பிட மாட்டார்கள். கட்டில் சட்டத்தில் மூன்று தட்டு. தட்டிவிட்டுத் திரும்பி நிற்பார்கள். படுத்திருக்கிறவர் ஒரு தட்டுத் தட்டினால் எழுந்தாயிற்று. இரண்டு என்றால் விட்டுவிடுவார்கள். அம்மா சக்கரத்தார் வீட்டுப் பெண். கல்யாணமான புதிதில், "வாயில என்ன கொழுக்கட்டையா? கூப்பிட்டா என்ன கொறைஞ்சா போயிடும்?" என்று சண்டை போட்டவள், பிறகு அவளும் தட்ட ஆரம்பித்துவிட்டாள். ஊரில் எல்லார் வீட்டிலும் இப்படித்தான் எழுப்புவார்கள் என்று மகள் ரொம்ப நாள் நினைத்திருந்தாள். விடுதியில் பக்கத்துக் கட்டில்காரி தோளைப் பிடித்து உலுக்கியபோதுதான், அப்படி இல்லை என்று தெரிந்தது.

தொழில் பேரைச் சொல்லி அப்பா அவளை எழுப்பியது ஒரே ஒரு தடவைதான். மருத்துவ நுழைவுத் தேர்வு நாள். விடிந்தும் அவள் போர்வைக்குள் சுருண்டு கிடந்தாள். பயம். அந்த மண்டபத்தில் வாலைச் சேர்த்து உரக்கக் கூப்பிடுவார்கள், எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். அப்பா சட்டத்தில் தட்டினார். அவள் இரண்டு தட்டினாள். வேலைக்கு வரவில்லை, போங்கள். வெகுநேரம் சத்தமே இல்லை. போய்விட்டார் என்று நினைத்தபோது, வாசல்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்த அப்பா தொண்டையைச் செருமினார்.

"எழுப்பி வந்திருக்கேன்."

தீப்பிடித்த வீட்டில் சொல்கிற மாதிரிச் சொன்னார். அவள் ஆத்திரத்தில் அழுதுகொண்டே எழுந்தாள். அழுதுகொண்டே குளித்தாள். எழுதினாள். தேறினாள்.

இப்போது அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில், ஆபரேஷன் தியேட்டர் வாசலுக்கு மேலே ஒரு போர்டு உண்டு. டாக்டர்களின் பெயர்கள் பொன் நிறத்தில் இருக்கும். புதிதாகச் சேர்ந்தவளின் பெயரை எழுத போர்டுக்காரர் ஏணி போட்டு ஏறினார்.

"வாலைச் சொல்லுங்க டாக்டர்."

"வேணாம். அதோட நிறுத்திக்குங்க."

"எடம் கிடக்கே. மொட்டையா நிக்குது பாருங்க."

"மொட்டையாவே நிக்கட்டும்."

பெரிய சர்ஜன், அவர் மணிக்காரர் வீட்டுப் பிள்ளை, அந்த வழியாக வந்தவர் நின்று மேலே பார்த்தார். கெட்ட மனுஷர் இல்லை. ஆனால் முள் தைத்துப் பழக்கமில்லாத கால்.

"ஏம்மா, பேர்ல என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்லன்னா விட்டுட்டுப் போறதுல என்ன சார் தப்பு?"

அவர் சிரித்துக்கொண்டு போய்விட்டார். அவள் அண்ணாந்து பார்த்தாள். முதல் தடவையாகத் தன் பெயர் சுத்தமாக இருப்பது போல் தோன்றியது.

அப்பாவுக்குத் தெரியாது. ஓய்வு பெற்றுவிட்ட அவருக்கு அந்த போர்டைப் பார்க்க வேண்டும் என்பதுதான் ஒரே ஆசை. வாரா வாரம் கேட்பார். "எழுதியாச்சா கண்ணு? வந்து ஒரு பார்வை பாத்துட்டுப் போறேனே."

"இன்னும் பெயின்ட் காயலப்பா."

"இத்தனை நாளாவா? பெயின்ட்டா, தாரா?"

ஒருநாள் அம்மா கிண்டினாள். "என்னடி மறைக்கிற? உங்கப்பா சட்டைய இஸ்திரி போட்டு மாட்டி வச்சிருக்கார், போர்டு பாக்கறதுக்குன்னு."

சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு தடவையும் வாயைத் திறப்பாள். பித்தளைப் பட்டை கண்ணில் படும். ஓய்வு பெற்ற பிறகும் அப்பா அதைத் தேய்ப்பதை நிறுத்தவில்லை. வாயை மூடிக்கொள்வாள். அப்பாவுக்கு அது தெரியாமலே இருந்துவிட்டால் போதும். அவள் கேட்டது அது ஒன்றைத்தான்.

அப்பாவுக்குக் குடலிறக்கம் வந்து சேர்ந்தது. வேறு ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அவள் ஆன மட்டும் சொல்லிப் பார்த்தாள். "என் பொண்ணு இருக்கிற இடத்தை விட்டுட்டு நான் எதுக்கு வேற எவன்கிட்டயோ வயித்தைக் காட்டணும்?" என்றார் அப்பா. பேச்சு முடிந்தது.

சொந்த அப்பாவுக்கு அவளே மயக்க மருந்து கொடுக்கக் கூடாது என்பது அங்கே விதி. கூடப் படித்தவன் ஒருவன் இருந்தான். எதிலும் அவன் காட்டும் பரபரப்பைப் பார்த்து எல்லாரும் அவனை அவசரம் என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் பொறுப்பில் விட்டாள். அதைவிட முக்கியமாக, வார்டு ஆளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லி வைத்தாள். "பின்பக்க லிஃப்ட்ல கொண்டு வாங்க. முன்வாசல் வழியா வேணாம்." முன்வாசலில்தான் போர்டு. அதுவும், ஸ்ட்ரெச்சரில் மல்லாந்து போகிறவனுக்குத்தான் அது நேராகத் தெரியும்.

அன்று காலை ஜன்னல் கண்ணாடிகளில் பனி படிந்திருந்தது. நடைபாதை விளக்குகள் ஒவ்வொன்றையும் சுற்றிப் பஞ்சு மாதிரி ஒரு வெளிச்சம். யாருடைய காலடியும் கேட்கவில்லை. ரப்பர் செருப்புப் போட்ட நர்ஸுகள் மிதந்து போனார்கள். பின்பக்கக் கதவருகே அவள் காத்திருந்தாள். லிஃப்ட் வரவில்லை. இன்னும் வரவில்லை. கடைசியில் முன்பக்கத்திலிருந்து பெரியக்கா வந்தாள். தியேட்டரின் மூத்த நர்ஸ், எல்லாருக்கும் பெரியக்கா.

"இங்க ஏன்மா நிக்கிற? உங்கப்பா அந்தப் பக்கமா உள்ள போயாச்சே."

"பின்பக்க லிஃப்ட்லதானே..."

"அதுல ஏத்தினதுமே உங்கப்பா, 'இது இழுக்குது தம்பி, கயித்துல சத்தம் கேக்குது, நான் இதுல வர மாட்டேன்'னுட்டார். லிஃப்ட் ஓட்டின மனுஷனாச்சே, எதுத்துப் பேச முடியுமா? முன்பக்கமாத் தள்ளிட்டு வந்துட்டாங்க." பெரியக்கா குரலைத் தாழ்த்தினாள். "வர்ற வழியெல்லாம் அவர் பேச்சு ஓயல. போர்டுக்குக் கீழ வந்ததும், கொஞ்சம் நிறுத்துங்கன்னார். பாத்தார். அப்புறம் வாயே திறக்கல."

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"உள்ள படுக்க வச்சு, உங்க பேரைச் சொல்லுங்கன்னு கேட்டோம். எல்லாரையும் கேக்குறதுதானே? அவர் வாலை மட்டும் சொன்னார். எழுப்பின்னு. அவ்வளவுதான்."

கதவுக்கு வெளியே இருந்த பெஞ்சில் அவள் உட்கார்ந்தாள். கோபம் வந்தது. அப்பா மேல் இல்லை. தன் மேலும் முழுசாக இல்லை. இந்தப் பேரை நாங்களா வைத்துக்கொண்டோம்? எங்கள் மேல் வைத்தார்கள். வைத்தவர்கள் வீட்டில் யாராவது போர்டைப் பார்த்து வாயடைத்துப் போனார்களா? இதையெல்லாம் உரக்கக் கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதைக் காது கொடுத்துக் கேட்கக்கூடிய ஒரே ஆளான அப்பாவை உள்ளே மயக்கத்தில் படுக்கப் போட்டிருந்தார்கள்.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. சர்ஜன் கையுறையைக் கழற்றிக்கொண்டே வந்து, "வெண்ணெய் மாதிரி முடிஞ்சுதும்மா" என்றார். அப்பாவை மயக்கம் தெளியும் அறைக்கு மாற்றினார்கள். வெள்ளைத் திரைகள் தொங்கும் நீள அறை. மங்கலான கண்ணாடி வழியாகப் பால் போல வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. மூச்சு தானாக வந்தது. நாடி நன்றாக இருந்தது. ஆனால் கண் திறக்கவில்லை.

அவசரம் அப்பா காதருகே குனிந்து பேர் சொல்லிக் கூப்பிட்டான், பிறகு கத்தினான். "ஐயா! ஐயா! கண்ணத் திறங்க! ஆபரேஷன் முடிஞ்சாச்சு!" தோளைத் தட்டினான். ஒன்றுமில்லை. பெரியக்கா கூப்பிட்டாள். சர்ஜன் கூப்பிட்டார். அப்பாவின் முகம் குளத்தடியில் கிடக்கும் கல் மாதிரி அமைதியாக இருந்தது.

தெளிய வேண்டிய நேரம் தாண்டியது. அவசரத்தின் நெற்றியில் வியர்வை. "சர்க்கரை பாத்துட்டேன், சரியா இருக்கு. உடம்புச் சூடு சரியா இருக்கு. மருந்தை முறிக்கிறதும் கொடுத்தாச்சு. தலைக்கு ஒரு ஸ்கேன் எடுத்துடலாமா? இப்பவே எடுத்துடலாம்."

வாசலில் நின்றிருந்த அவளால் அதற்கு மேல் நிற்க முடியவில்லை. உள்ளே போனாள். அப்பாவின் கண் பாவையைப் பார்த்தாள். நாடியைப் பார்த்தாள். படித்ததெல்லாம் சரி சரி என்று சொன்னது. திரைகள் காற்றில் மெல்ல ஆடின. வெளிச்சம் இடுப்பளவு நிற்பது போல் இருந்தது. இந்தத் தெருவுக்கு நான் வந்திருக்கிறேன் என்று அவளுக்குத் தோன்றியது.

அவள் கட்டிலின் இரும்புச் சட்டத்தில் மூன்று முறை தட்டினாள். தட்டிவிட்டுத் திரும்பி நின்றாள்.

"என்ன பண்ற நீ?" என்றான் அவசரம். "ஏன் அந்தப் பக்கம் திரும்பிட்ட? அழுறியா?"

"கொஞ்சம் வாயை மூடு."

அறையில் கருவியின் சத்தம் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரி எங்கேயோ தூரத்தில் போய்விட்டது. பதில் வரும் வரை நகரக் கூடாது. அவள் நகரவில்லை.

டொக். டொக்.



"கை ஆடுச்சு!" என்றான் அவசரம். "விரல் துடிக்குது! ஐயோ, வலிப்போட ஆரம்பமா இருக்குமோ? ஸ்கேனுக்குச் சொல்லுங்க பெரியக்கா!"

"வலிப்பு இல்லடா மடையா." அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "அவருக்கு நான் தட்டினது கேட்டிருக்கு. பதில் சொல்லியிருக்கார்."

"என்ன பதில்?"

"இன்னிக்கு வேலைக்கு வரலையாம். போகச் சொல்றார்."

எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சர்ஜன் நெற்றியைச் சுருக்கினார். "வேடிக்கை பேசுற நேரமாம்மா இது? கண்ணு தொறந்து, சொன்னதைக் கேட்டு, ஒரு வார்த்தையாவது பேசினாத்தான் எனக்கு நிம்மதி. இல்லன்னா ஸ்கேன்தான். இன்னொரு தடவை தட்டிப் பாரேன்."

"தட்டக் கூடாது சார். ரெண்டு வந்தாத் திரும்பித் தட்டக் கூடாது."

"யார் சொன்னது?"

தட்டக் கூடாது. தோளை உலுக்கலாம், கத்தலாம். இவ்வளவு நேரம் எல்லாரும் அதைத்தான் செய்தார்கள். அப்பா எங்கே இருக்கிறார் என்று அவளுக்குத் தெரியும். அந்தரத்தில் தொங்கும் ஏதோ ஒரு ஜன்னலுக்குப் பின்னால், போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுத்திருக்கிறார். கீழே யாரோ தட்டுகிறார்கள். யாரென்று அவருக்கு எப்படித் தெரியும்? போர்டில்தான் ஒன்றும் இல்லையே. மொட்டையாக நிற்கிற பேரை நம்பி எவன் எழுந்திருப்பான்?

ஒரே வழிதான் இருந்தது. அவசரம், பெரியக்கா, திரைக்குப் பின்னால் எட்டிப் பார்க்கும் இரண்டு நர்ஸுகள், மணிக்காரர் வீட்டு சர்ஜன், எல்லாரும் நின்றிருந்தார்கள். நாளைக் காலையில் கேன்டீனில் இதுதான் பேச்சாக இருக்கும். எழுந்திருங்கடா, எழுப்பி வந்தாச்சு. எத்தனை வருஷமாக ஓடி ஓடி வந்தது இந்த ஒரு சொல்லுக்குப் பயந்துதானே?

அவள் தொண்டையைச் செருமினாள். முதுகைக் காட்டிக்கொண்டுதான் சொல்ல வேண்டும். அப்படித்தான் வழக்கம். அவள் திரும்பினாள். கட்டிலுக்கு நேராக, அப்பாவின் முகத்துக்கு நேராகத் தன் முகத்தைக் கொண்டு போனாள். மாஸ்க்கைக் கீழே இழுத்துவிட்டாள்.

"எழுப்பி வந்திருக்கேன்."

தீப்பிடித்த வீட்டில் சொல்கிற மாதிரி வந்தது குரல். கண்ணாடிச் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது.

அப்பாவின் இமைக்குள் ஏதோ உருண்டது. ரொம்பத் தூரத்திலிருந்து மெல்ல மெல்ல மேலே வருகிற லிஃப்ட் மாதிரி, ஒவ்வொரு மாடியாக அவர் முகத்துக்குள் ஆள் ஏறி வந்தது. ஒரு கண் திறந்தது. ஒரே கண்தான்.

"எந்த எழுப்பி?" என்றார், வறண்ட நாக்கோடு. "போர்டுல அப்படி யாரும் இல்லையே."

பெரியக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். அவசரம் ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தான்.

"இருக்கேன்பா. இங்கதான் நிக்கிறேன்."

இன்னொரு கண்ணும் திறந்தது. அவர் அவளை வெகுநேரம் பார்த்தார்.

"திரும்பி நிக்க மாட்டியா நீ?"

"மாட்டேன்."

"அப்ப உன் மூஞ்சிலதான் முழிச்சிருக்கேன்." அப்பா உதட்டை நக்கிக்கொண்டார். "எப்படிப் போகப் போகுதோ இன்னிக்கு."

சர்ஜன் பெருமூச்சு விட்டுச் சிரித்தார். நிம்மதியில் வந்த சிரிப்புதான். "அட எழுப்பி, நல்லா பயமுறுத்திட்டியேம்மா!"

அவள் நிமிர்ந்தாள். "அவர் சொல்லலாம் சார், நான் சொல்லலாம். நீங்க சொல்லும்போது டாக்டர்னு முன்னாடி சேத்துக்குங்க."

அவர் முகத்தில் சிரிப்பு ஒரு கணம் எங்கே போவதென்று தெரியாமல் நின்றது. பிறகு தலையை ஆட்டினார். "சரி, டாக்டர் எழுப்பி" என்றார். கேட்க விநோதமாக இருந்தது. பழகிவிடும்.

சாயங்காலம், தலையணை வைத்து நிமிர்த்தி உட்கார வைத்த பிறகு, அப்பா பேசினார். அம்மா தண்ணீரைக் கரண்டியால் ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"சுகமா இருந்துது கண்ணு. ஜன்னலுக்கு வெளிய ஒரே பனி. யார் யாரோ என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாங்க. எனக்கென்னமோ வேற யாரையோ கூப்பிடுறாங்கன்னு தோணுச்சு. அப்புறம் தட்டுற சத்தம். நம்ம வீட்டுத் தட்டுன்னு தெரிஞ்சுது. ஆனா எழுந்திருக்க மனசு இல்ல."

"கோவமா?"

"தூக்கம்தான். கோவமும்தான்." அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். "நீ எழுதாததுக்குக் கோவம் இல்ல. அந்த லிஃப்ட்ல ஏறுனவன் ஒருத்தன்கூட என்ன வேற எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்ல. எனக்குத் தெரியாதா அது எப்படி இருக்கும்னு? என்கிட்ட சொல்லாம மறைச்சியே. நான் என்ன, தண்ணி ஊத்திடுவேனா?"

அவள் போர்வையை இழுத்து அவர் காலை மூடினாள்.

"எனக்கு இன்னும் அந்தப் பேரைக் கேட்டாக் கோவம் வருதுப்பா."

"வரட்டும். வந்தாத்தான் நல்லா உரக்கச் சொல்லுவ."

"ரெண்டு பேரும் போதும்," என்றாள் அம்மா. "தையல் பிரிஞ்சுடப் போகுது."

மறுநாள் போர்டுக்காரர் மறுபடி ஏணி போட்டார். விட்டு வைத்த இடம் அப்படியே இருந்தது. எழுதி முடித்து இறங்கி, கண்ணை இடுக்கிப் பார்த்தார்.

"அந்தப் பழைய டப்பா தீந்துபோச்சு டாக்டர். நிறம் ஒரு மாதிரி மாறிடுச்சு. உங்க வால் மட்டும் தனியாத் தெரியுது பாருங்க."

"தெரியட்டும்."

அப்பாவை வீட்டுக்கு அனுப்பும் நாள் வந்தது. நன்றாக நடந்தார். வார்டுக்குள் இரண்டு சுற்றுச் சுற்றிக் காட்டினார். சக்கர நாற்காலிகூட வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டார்கள். அவரோ ஸ்ட்ரெச்சர் கொண்டு வரச் சொன்னார். இஸ்திரி போட்ட சட்டையோடு, பையில் பித்தளைப் பட்டையோடு, அதில் ஏறி மல்லாந்து படுத்துக்கொண்டார்.

"நடக்கத் தெரிஞ்ச மனுஷனுக்கு எதுக்கு இந்த ஊர்வலம்?" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

"நின்னு பாத்தா சரியாத் தெரியாது," என்றார் அப்பா. "முன்பக்கமாவே தள்ளச் சொல்லு கண்ணு. மெதுவா."

அவள் வார்டு ஆளை விலகச் சொன்னாள். தானே தள்ளினாள்.